திரையில் பார்த்த ஜூரி அறையும் நான் உட்கார்ந்த ஜூரி அறையும்

அமெரிக்கப் படம் என்றதும் சிலருக்குக் குதிரையில் வரும் கௌபாய் ஞாபகம் வருவான், சிலருக்கு வானத்திலிருந்து இறங்கும் சூப்பர் ஹீரோ. எனக்குக் கோர்ட்டுதான் ஞாபகம் வரும். மதுரையில் கல்லூரியில் படித்தபோது ஒரு ஃபிலிம் சொசைட்டியில் ‘12 ஆங்ரி மென்’ போட்டார்கள். ஒரு நீள மேஜை, பன்னிரண்டு நாற்காலி, வேர்த்து ஊற்றும் பன்னிரண்டு ஆண்கள். ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்ட சாதாரண மக்கள், அதாவது ஜூரி. தகப்பனைக் கொன்றதாகப் பிடிபட்ட பதினெட்டு வயதுப் பையனை மின்சார நாற்காலிக்கு அனுப்பலாம் என்று பதினொரு பேர் கை தூக்குகிறார்கள். ஒரே ஒருவர், கொஞ்சம் பேசிப் பார்க்கலாமே என்கிறார். சண்டை இல்லை, பாட்டு இல்லை, ஒன்றரை மணி நேரம் ஒரே அறை. படம் முடிந்து சைக்கிளை எடுத்தபோது, இப்படி ஒரு ஊர் இருக்கிறதா என்று மனசு பொங்கியது. முன்பின் தெரியாத ஒரு ஏழைப் பையனுக்காக யாரோ ஒருவர் பதினொரு பேரிடம் மல்லுக்கு நிற்கும் ஊர். அதற்குப் பிறகு எத்தனையோ ஹாலிவுட் படங்கள் பார்த்திருக்கிறேன். அமெரிக்கா என்றால் எனக்கு அந்த அறைதான் என்பது மாறவில்லை.

வேலைக்காக டெக்ஸாஸ் வந்து, கிரீன் கார்டு வாங்கி, குடியுரிமை எடுத்து, டாலஸ் பக்கம் ஒரு புறநகரில் குடியிருக்கிறேன். குடியுரிமை எடுத்த பிறகு தபாலில் ஜூரி சம்மன் வந்தது. போனேன். தேர்வானேன். ஒரு வழக்கில் உட்கார்ந்து தீர்ப்பும் சொன்னேன். அங்கே கண்டதையும், வீட்டுக்கு வந்து அதே படத்தை மகளோடு மறுபடி பார்த்தபோது புதிதாகப் புரிந்ததையும் எழுதுகிறேன். இங்கே இருக்கும் நம் ஆட்களுக்கு உதவக்கூடிய சில விவரங்களும் நடுவில் வரும்.

முதலில் அந்தப் படம் உலகத்தைச் சுற்றிய கதை. ரெஜினால்ட் ரோஸ் என்ற எழுத்தாளர் ஜூரியாகப் போய்வந்த அனுபவத்திலிருந்து எழுதிய நாடகம் அது. 1954ல் தொலைக்காட்சியில் வந்தது. 1957ல் சிட்னி லூமெட் படமாக எடுத்தார், அவருக்கு அது முதல் திரைப்படம். ஹென்றி ஃபோண்டா நடித்ததோடு தயாரிப்பிலும் பங்கெடுத்தார். சொந்த ஊரில் வசூல் பெரிதாக இல்லை. பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது வாங்கியது. பிறகு ஒவ்வொரு நாடாக அதைத் தன் மொழியில் எடுக்க ஆரம்பித்தது. இந்தியில் 1986ல் ‘ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா’. ஜப்பானில் 1991ல் ஒரு நகைச்சுவை வடிவம். ரஷ்யாவில் 2007ல் மிகல்கோவ் எடுத்தது. சீனாவில் 2014ல் ஒன்று.

இந்தப் பட்டியலில் ஒரு விசேஷம் உண்டு. இந்தியில் படம் வந்தபோது இந்தியாவில் ஜூரி முறையே கிடையாது. ஜப்பானில் பொதுமக்கள் நீதிபதிகளோடு சேர்ந்து உட்காரும் முறை 2009ல்தான் வந்தது. சீனாவில் அமெரிக்கா மாதிரி ஜூரி இல்லாததால், சட்டக் கல்லூரி மாணவர்களின் மாதிரி வழக்குக்குப் பெற்றோர்கள் ஜூரியாக உட்காருவதாகக் கதையை மாற்றினார்கள். இல்லாத ஒன்றைப் பற்றி ஏன் படம் எடுக்க வேண்டும்? கூட்டமாகச் சேர்ந்து ஒருவனைக் குற்றவாளி ஆக்கும்போது யாராவது ஒருத்தர் ‘நில்லுங்கள்’ என்று சொல்ல மாட்டாரா என்ற ஏக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அதை ‘எங்கள் ஊர் வழக்கம் இது’ என்று உலகத்துக்குக் காட்டியது அமெரிக்க சினிமா.

நமக்கும் ஜூரி ஒரு காலத்தில் இருந்தது. தமிழ் சினிமாவையே உலுக்கிய லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் 1945ல் குற்றவாளிகள் என்று சொன்னது சென்னை உயர் நீதிமன்றத்தில் உட்கார்ந்த ஜூரிதான். வழக்கு, அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947ல் இருவரும் விடுதலையானார்கள். அதற்குள் பாகவதரின் காலம் முடிந்துவிட்டது. பிறகு 1959ல், மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கு. ஜூரி விடுவித்தவரை பம்பாய் உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1973ன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தபோது ஜூரிக்கு அதில் இடமே இல்லை. எங்கள் தாத்தா பாகவதர் பைத்தியம். ஜூரி என்ற சொல்லை வீட்டில் எடுத்தாலே அவர் முகம் கறுத்துவிடும். ஒரே அமைப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்று, படம் பார்த்து நான் நம்பியது வேறொன்று.

சம்மன் வந்ததை அம்மாவிடம் போனில் சொன்னேன்.

“கோர்ட்டுக்கா? என்னப்பா பண்ணினே?”

“நான் ஒண்ணும் பண்ணலம்மா. தீர்ப்பு சொல்லக் கூப்பிட்டிருக்காங்க.”

“ஒனக்கு என்ன சட்டம் தெரியும்னு கூப்பிட்டாங்க?”

சட்டம் தெரியாதவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அம்மாவுக்குப் புரியவைக்க நேரம் பிடித்தது. “அப்ப பாவ புண்ணியம் பாத்துச் சொல்லு” என்று வைத்துவிட்டார்.

கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) கோர்ட்டில் முதலில் ஒரு பெரிய ஹால். வரிசை வரிசையாக நாற்காலி, மூலையில் சிப்ஸ் மெஷின், சுவரில் டிவி. மருத்துவமனைச் சீருடையிலேயே வந்திருந்த நர்ஸ், லேப்டாப்பில் மீட்டிங் நடத்தும் ஐ.டி. ஆள், பூட்ஸில் மண்ணோடு ஒரு கட்டட வேலைக்காரர், ஊசி நூலோடு பின்னிக்கொண்டிருந்த பாட்டி. எந்தப் படத்திலும் இந்த ஹால் வராது. படம் எப்போதும் வாதாடும் இடத்தில்தான் தொடங்கும். ஆனால் எனக்கு இந்த நாட்டின் மேல் மரியாதை கூடியது இந்த ஹாலில்தான். டாக்டரும் லாரி டிரைவரும் ஒரே மாதிரி நாற்காலியில், ஒரே மாதிரி எண் சீட்டோடு, ஒரே கூலிக்குக் காத்திருந்தார்கள். சிபாரிசோ தனி வரிசையோ கிடையாது. கூலி என்று சொன்னாலும் அது பெரிதில்லை. டெக்ஸாஸில் முன்பு முதல் நாளுக்குக் குறைந்தபட்சம் 6 டாலர். 2023 செப்டம்பரிலிருந்து முதல் நாளுக்கு 20, அடுத்த நாட்களுக்கு 58. தினக்கூலிக்காரருக்கு இது நஷ்டம்தான். அதனாலேயே பலர் ஏதாவது காரணம் சொல்லி நழுவப் பார்க்கிறார்கள், கடைசியில் ஜூரியில் சம்பளத்தோடு விடுப்பு கிடைப்பவர்கள் கூடிவிடுகிறார்கள். இதுவும் படத்தில் வராது.

எண் கூப்பிட்டு ஒரு கூட்டமாக மாடிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே இரண்டு பக்க வக்கீல்களும் எங்களைக் கேள்வி கேட்டார்கள். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்யும் கட்டம் அது. சீருடை போட்டவர் என்பதற்காகவே போலீஸ்காரர் சொல்வதை நம்புவீர்களா? வீட்டில் யாராவது குடித்துவிட்டு ஓட்டியவரால் அடிபட்டிருக்கிறார்களா? குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சிக் கூண்டில் ஏறிப் பேசாவிட்டால் அதை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்வீர்களா? கடைசிக் கேள்வி என்னை யோசிக்க வைத்தது. மௌனம் சம்மதம் என்று கேட்டு வளர்ந்தவன் நான். இங்கே மௌனம் அரசியல் சாசனம் கொடுத்த உரிமை. அதிலிருந்து எதையும் ஊகிக்கக் கூடாது என்று நீதிபதி பொறுமையாக விளக்கினார். அப்படியே நடந்துகொள்வேன் என்று சொன்னேன். சொன்னபடி நடப்பது லேசில்லை என்பது பிறகு தெரிந்தது.

படத்தில் பன்னிரண்டு பேர். நாங்கள் ஆறு பேர். டெக்ஸாஸில் சிறிய குற்ற வழக்குகளுக்கு ஆறு பேர்தான், பெரிய குற்றத்துக்குத்தான் பன்னிரண்டு. குடித்துவிட்டுக் கார் ஓட்டிய வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் நம் படங்களில் வருவதுபோல் கூண்டில் நிற்கவில்லை. கோட் போட்டுக்கொண்டு தன் வக்கீல் பக்கத்தில் மேஜையில் உட்கார்ந்திருந்தார். சிறை உடையோடு ஜூரி முன் உட்கார வைக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1976லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதுவும் டெக்ஸாஸ் வழக்கு ஒன்றில். நீதிபதி ஒரு முறைகூடச் சுத்தியலைத் தட்டவில்லை. அந்த மரச் சுத்தியல் அமெரிக்காவுக்கே உரியது. இங்கிலாந்து நீதிபதிகளிடமும் கிடையாது, இந்தியாவிலும் அந்த வழக்கம் இல்லை. ஆனாலும் நம் படங்களில் ‘ஆர்டர், ஆர்டர்’ என்று தட்டாத ஜட்ஜைப் பார்ப்பது அபூர்வம்.

வழக்கு முழுக்க போலீஸ் கார் கேமரா எடுத்த வீடியோவில்தான் இருந்தது. ராத்திரி. முன்னால் போகும் கார் கோட்டைத் தாண்டுகிறது, திரும்புகிறது, மறுபடி தாண்டுகிறது. நிறுத்துகிறார்கள். லைசென்ஸ் கேட்கிறார்கள். பிறகு சாலையோரத்தில் சோதனை: ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலில் ஒட்டி வைத்து ஒன்பது அடி நடந்து, திரும்பி, ஒன்பது அடி வர வேண்டும். அவர் நாலாவது அடியில் தடுமாறுகிறார். மூச்சுச் சோதனைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சாட்சி சொல்லவும் வரவில்லை.

எங்கள் அறைக்கு ஜன்னல் இல்லை. மேஜை, வெள்ளைப் பலகை, ஒரு காபி மெஷின், மூலையில் ஒரு கழிப்பறை. உள்ளே போனவர் தண்ணீர் திறந்தால் ஆறு பேருக்கும் கேட்கும். போனையெல்லாம் பெய்லிஃப் என்கிற கோர்ட்டுக் காவலர் வாங்கி வைத்துவிட்டார். பள்ளி ஆசிரியை ஒருவர் தலைமை ஜூரியாக இருக்கச் சம்மதித்தார். சீட்டில் எழுதிப் போட்டோம். நாலு பேர் குற்றவாளி, இரண்டு பேர் இல்லை. நான் நாலு பேரில் ஒருவன்.

எனக்கு உடனே அந்தப் படம் ஞாபகம் வந்தது. அந்த இரண்டு பேரில் யார் எழுந்து பேசப்போகிறார்கள் என்று பார்த்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா, நடக்கும் இடத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். போட்டுப் பார்த்தோம். டயர் கடையில் வேலை செய்யும் பையன் திரையைத் தொட்டுக் காட்டினான். சாலையோரம் பள்ளத்தைப் பார்த்துச் சரிகிறது, அவர் நடப்பது அந்தச் சரிவில். கோடும் கிடையாது, இல்லாத கோட்டின் மேல் நடக்கச் சொல்கிறார்கள். அவன் சொன்ன பிறகுதான் எங்களுக்கு அது தெரிந்தது. ஒருவர், அந்த இடத்தை கூகுள் மேப்பில் பார்த்தால் சரிவு எவ்வளவு என்று தெரியுமே, வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரவா என்றார். ஆசிரியை உடனே கையை உயர்த்தினார்: கூடாது, நீதிபதி சொன்னதை மறந்துவிட்டீர்களா? கோர்ட்டில் காட்டியது மட்டும்தான் நமக்குச் சாட்சியம்.

படத்தில் நாயகன் செய்வது அதைத்தான். பையன் வைத்திருந்த அதே மாதிரிக் கத்தியை வெளியே கடையில் வாங்கிவந்து மேஜையில் குத்துகிறார். அந்த இடத்தில் கைதட்டாதவர் இல்லை. நிஜத்தில் அது ஜூரி விதியை மீறுவது, வழக்கே செல்லாமல் போகலாம். உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர் 2010ல் ஃபோர்டாம் சட்டக் கல்லூரியில் இதைப் பற்றிப் பேசினார். கல்லூரி நாளில் பார்த்த அந்தப் படம்தான் சட்டத்தின் பக்கம் தன்னை இழுத்தது என்றார். கீழ்க் கோர்ட்டில் நீதிபதியாக இருந்தபோது, அந்தப் படத்தைப் பின்பற்றாதீர்கள் என்று ஜூரிகளிடம் சொல்வாராம். இரண்டையும் ஒரே மனுஷிதான் சொன்னார். இரண்டும் உண்மை என்றுதான் நான் நினைக்கிறேன்.

நடக்கும் சோதனையைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று ஆறு பேரும் ஒத்துக்கொண்டோம். அப்புறம் மிச்சம் என்ன இருக்கிறது? தபால் அம்மா வீடியோவைப் பின்னால் தள்ளச் சொன்னார், லைசென்ஸ் கேட்கும் இடத்துக்கு. அவர் பர்ஸைத் திறக்கிறார், கார்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறார். லைசென்ஸ் வருகிறது. அதையும் தள்ளிவிட்டு அடுத்த கார்டுக்குப் போகிறார். மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதைத் தாண்டிப் போகிறார். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். டயர் கடைப் பையன் சட்டத்தில் போதை என்பதற்கு என்ன எழுதியிருக்கிறது என்று இன்னொரு முறை வாசிக்கச் சொன்னான். மதுவினால் உடலோ மனமோ வழக்கமான நிலையில் இல்லாமல் போவது என்று இருந்தது. இரண்டு தடவை வாசித்தோம். கோட்டைத் தாண்டிய கார், குடித்ததாக வீடியோவில் அவரே ஒப்புக்கொண்டது, அந்த பர்ஸ். அவன் சீட்டை மாற்றி எழுதினான். ஆறு பேரும் குற்றவாளி என்று சொன்னோம்.

நான் இதை நீட்டி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சினிமாவில் சந்தேகப்பட்டவர் ஜெயித்தால்தான் அந்தச் சந்தேகத்துக்கு மதிப்பு. பையன் விடுதலையாகிறான், நாம் எழுந்து கைதட்டுகிறோம். எங்கள் அறையில் சந்தேகப்பட்ட இருவரும் கடைசியில் மற்றவர்கள் பக்கம் வந்தார்கள். ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் சரிவில் நடந்த ஒரு மனிதரைச் சரியாக நடக்கவில்லை என்று சொல்லித் தண்டித்திருப்போம். தீர்ப்பு அதேதான், அதற்குப் போன வழி வேறு. ராத்திரி தூக்கம் வந்தது என்றால் அந்த இருவரால்தான். நாயகன், வில்லன் என்று பிரித்துப் பழகிய படங்களுக்கு இதைக் காட்டத் தெரியவில்லை. அமெரிக்கக் கோர்ட்டுப் படங்கள் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த மதிப்பு ‘தனி ஆள் எதிர்த்து நிற்பது’. அந்த அறையில் நான் கண்ட மதிப்பு ஒருவருக்கொருவர் விளக்கம் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம். இரண்டாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

வழக்கு முடிந்த அந்த வாரமே மகளோடு படத்தைப் பார்த்தேன். அவள் இங்கே பிறந்தவள், ஹைஸ்கூலில் படிக்கிறாள். பத்து நிமிஷத்தில் கேட்டாள்: “ஏன்ப்பா எல்லாரும் ஒயிட்? ஒரு லேடிகூட இல்ல?” கல்லூரியில் பார்த்தபோது அது என் கண்ணில் படவேயில்லை. எங்கள் ஆறு பேரில் பெண்கள் இருந்தார்கள், கறுப்பினத்தவர் இருந்தார்கள், மெக்ஸிகோ வழி வந்தவர் இருந்தார், நான் இருந்தேன். அந்தக் காலத்தில் ஜூரி அப்படித்தான் இருந்தது என்று அவளிடம் சொன்னேன், பிறகு இருவரும் சேர்ந்து தேடிப் படித்தோம். மிசிசிப்பியில் 1968 வரை பெண்கள் மாநில ஜூரியில் உட்கார முடியாது. பெண்களை ஒட்டுமொத்தமாக ஒதுக்குவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1975ல். இனத்தைப் பார்த்து ஜூரியிலிருந்து வக்கீல்கள் கழித்துவிடக் கூடாது என்றது 1986ல்.

படம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1955ல், மிசிசிப்பி சம்னர் ஊரில் இன்னொரு ஜூரி உட்கார்ந்தது. எம்மெட் டில் என்ற பதினாலு வயதுக் கறுப்பினச் சிறுவனைக் கடத்திக் கொன்ற வழக்கு. பன்னிரண்டு வெள்ளை ஆண்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் விடுதலை என்று சொல்லிவிட்டு வந்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட இருவரும் அடுத்த வருஷமே ஒரு பத்திரிகையில் கொலையை ஒப்புக்கொண்டார்கள். ஒரே நாடு, ஒரே பத்தாண்டு, ஒரே மாதிரிப் பன்னிரண்டு பேர். உலகம் சுற்றியது ஒரு அறை மட்டும்.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. படத்தின் கதையே தீர்ப்பு ஒருமனதாக இருக்க வேண்டும் என்ற விதியில்தான் நிற்கிறது. ஆனால் லூசியானாவிலும் ஆரிகனிலும் மரண தண்டனை இல்லாத பெரிய வழக்குகளில் பத்துப் பேர் சொன்னாலே போதும் என்று வெகுகாலம் சட்டம் இருந்தது. லூசியானாவில் அதன் தொடக்கம் 1898ல், கறுப்பின ஜூரிகளின் ஓட்டைச் செல்லாக்காசாக்கும் நோக்கத்தோடு. பன்னிரண்டு பேரில் ஒன்றிரண்டு கறுப்பினத்தவர் உட்கார்ந்து எதிர்த்தாலும் கவலை இல்லை அல்லவா. ஒருமனதாக இருந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் சொன்னது 2020ல். அதாவது அந்த ஒற்றை ஆளின் குரலை நான் மதுரையில் கொண்டாடிய காலத்தில், அதே அமெரிக்காவின் இரண்டு மாநிலங்களில் அவர் குரலுக்கு மதிப்பில்லை.

இந்தப் பக்கத்தை அந்தக் கால ஹாலிவுட் காட்டாததற்கு ஒரு காரணம், ஸ்டுடியோக்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட தணிக்கை விதிகள். 1930ல் எழுதி, 1934லிருந்து கண்டிப்பாக அமல் செய்து, 1968 வரை இருந்தவை. சட்டத்தைக் கேலி செய்யக் கூடாது, அதை மீறுபவர் மேல் பரிவு வரவைக்கக் கூடாது என்பது அதில் அடிப்படை விதி. அதனால் கோர்ட்டு தவறலாம், ஆனால் கடைசியில் யாராவது ஒரு நல்லவர் அதைத் தூக்கி நிறுத்த வேண்டும். 1962ல் வந்த ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ பாருங்கள். குற்றமற்ற கறுப்பின மனிதர் தண்டிக்கப்படுகிறார். மனசில் நிற்பவர் அவருடைய வெள்ளை வக்கீல். அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2003ல் எடுத்த பட்டியலில் திரையின் தலைசிறந்த நாயகன் அந்த வக்கீல்தான். தண்டனை வாங்கியவரின் குடும்பம் பிறகு எப்படி வாழ்ந்தது என்று என் மகள் கேட்டாள். படம் சொல்லவில்லை.

இருந்தாலும் அந்தப் படத்தை நான் பொய் என்று தள்ளவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய கடிகாரக்காரர். முன்பின் தெரியாத ஒருவரின் வழக்கைத் தீர்மானிக்கத் தபாலில் அழைப்பு வருகிறதே, அதுதான் இந்த நாட்டின் பலம் என்கிற கருத்தை அவர்தான் பேசுகிறார். தன்னைத் தொட்டது அந்த இடம் என்று சோட்டோமேயரும் சொல்லியிருக்கிறார். தபால் கையில் வந்த அன்று என்னையும் அது தொட்டது. ஒரு நாடு தான் எப்படி இருக்க ஆசைப்படுகிறது என்பதைப் படமாக எடுக்கிறது, அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஒருநாள் அந்த நாற்காலியில் வந்து உட்காருகிறார்கள். ஆசைக்கும் அப்படி ஒரு வேலை உண்டு.

ஆனால் படத்தை நம்பி வாழ்க்கை நடத்தினால் ஆபத்து. குறிப்பாகப் புதிதாக வந்த நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

படத்தில் எல்லா வழக்கும் ஜூரிக்கு வரும். நிஜத்தில் வருவதே இல்லை என்று சொல்லலாம். மத்திய வழக்குகளில் தண்டனை பெறுபவர்களில் 97 சதவீதம், மாநில வழக்குகளில் 94 சதவீதம் பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு பேரம் பேசி முடித்துக்கொள்பவர்கள் என்று உச்ச நீதிமன்றமே 2012ல் ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டது. கடையில் பில் போடாமல் வந்த பொருளோ, குடித்துவிட்டு ஓட்டியதோ, வீட்டுச் சண்டையில் போலீஸ் வந்ததோ, அரசு வக்கீல் ‘ஒப்புக்கொள், அபராதத்தோடு போய்விடலாம்’ என்பார். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் அந்தக் கையெழுத்துக்கு முன்னால் குடியேற்ற வக்கீலைப் பார்த்தே ஆக வேண்டும். சின்னதாகத் தெரியும் ஒப்புதல் நாடு கடத்தல் வரை கொண்டுபோகலாம். அந்த ஆபத்தைச் சொல்ல வேண்டியது குற்ற வழக்கு வக்கீலின் கடமை என்று 2010ல் தீர்ப்பே இருக்கிறது. அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

கைது என்றதும் படத்தில் உரிமைகளை ஒப்பிப்பார்கள். 1966ன் மிராண்டா தீர்ப்பிலிருந்து வந்தது அது. காவலில் வைத்து விசாரிக்கும்போதுதான் சொல்ல வேண்டும். சாலையோரத்தில் நிறுத்திக் கேட்கும் சாதாரணக் கேள்விக்கு அது பொருந்தாது. பேசாமல் இருக்கும் உரிமையை, ‘நான் பேச விரும்பவில்லை, வக்கீல் வேண்டும்’ என்று வாய் திறந்து சொல்லிப் பயன்படுத்த வேண்டும். சும்மா மௌனமாக இருந்தால் போதாது என்று 2010ல் இன்னொரு தீர்ப்பு. போலீஸ் கார் பின்னால் விளக்குப் போட்டால், நம் ஊர்ப் பழக்கத்தில் இறங்கிப் போய்ப் பேசாதீர்கள். காரிலேயே இருங்கள், கை ஸ்டியரிங் மேல் தெரியும்படி இருக்கட்டும், பேப்பர் எடுக்கப் போவதைச் சொல்லிவிட்டு எடுங்கள். நான் பார்த்த வீடியோவில் போலீஸ்காரரின் கை எங்கே இருந்தது என்பது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஜூரி சம்மனைப் பொறுத்தவரை, டெக்ஸாஸில் ஓட்டர் பட்டியலோடு லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் பெயர் எடுக்கிறார்கள். அதனால் ஹெச்1பி வேலை விசாவில் இருப்பவருக்கும் வரும். பயப்பட வேண்டாம், ஆனால் குப்பையில் போடவும் வேண்டாம். நான் குடிமகன் இல்லை என்ற கட்டத்தில் குறித்துத் திருப்பி அனுப்புங்கள். ஆர்வக்கோளாறில் குடிமகன் என்று குறித்துவிட்டுப் போய் உட்கார்ந்தால், பொய்யாகக் குடியுரிமை கோரியதாகி, பின்னால் கிரீன் கார்டே சிக்கலாகும். குடிமக்கள் தேதி ஒத்துவராவிட்டால் தள்ளிவைக்கக் கேட்கலாம். நிரந்தர வேலையில் இருப்பவரை ஜூரிக்குப் போனதற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று டெக்ஸாஸ் சட்டம் சொல்கிறது. ஆங்கிலம் சரளமாக வராதே என்று தயங்குபவர்கள் அதை நீதிபதியிடம் சொல்லலாம், அவர் முடிவு செய்வார். என் உச்சரிப்பைப் பற்றி எனக்குக் கூச்சம் இருந்தது. அந்த அறையில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

பிள்ளைகளோடு கோர்ட்டுப் படம் பார்க்கும் பெற்றோர்கள், ஜூரிப் பெட்டியில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் மொத்தமாக எத்தனை நிமிஷம் பேசுகிறார் என்று கவனிக்கச் சொல்லுங்கள். ‘12 ஆங்ரி மென்’னில் அந்தப் பையன் வாய் திறப்பதே இல்லை, ஆரம்பத்தில் முகத்தை மட்டும் காட்டுவார்கள். எங்கள் வீட்டில் அந்த ஒரு கேள்வியில் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பேச்சு ஓடியது.

டெக்ஸாஸில் சில ஊர்களில் டீன் கோர்ட்டு என்று ஒன்று நடத்துகிறார்கள். ஸ்பீடிங் டிக்கெட் மாதிரிச் சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஹைஸ்கூல் பிள்ளைக்கு அதே வயதுப் பிள்ளைகள் ஜூரியாக உட்கார்ந்து எத்தனை மணி நேரம் சமூக சேவை செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பார்கள். வக்கீலாகப் பேசுவதும் பிள்ளைகள்தான். எங்கள் மகள் பெயர் கொடுத்திருக்கிறாள், அடுத்த மாதம் பயிற்சி. உங்கள் ஊரில் இருக்கிறதா என்று நகராட்சி கோர்ட்டு அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.